ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும் ஸ்னோ புளோவர்

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். எங்கள் 24 அங்குல அகல, இரண்டு கட்ட ஸ்னோ புளோவர் (பனியை அள்ளி வீசும் இயந்திரம்) ஜனவரிப் பனியைத் தூரமாக வீசுகிறது. மார்ச் மாத ஈரப்பனியில், பனியை வெளியே வீசும் குழாய் அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டியும் பலனில்லை. ஏன்?

பதில்: குறைக்க வேண்டியது எஞ்சின் வேகத்தை அல்ல, சக்கர வேகத்தை. இரண்டு கட்டம் என்பது இதுதான்: முன்னால் உள்ள திருகு பனியை அள்ளித் தரும். பின்னால் உள்ள விசிறிதான் வீசும். விசிறி பெல்ட் வழியே எஞ்சினோடு கட்டப்பட்டது. த்ராட்டிலை (எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்தால் விசிறியும் தளரும். ஈரப்பனி குழாயிலேயே அப்பிக்கொள்ளும். ஆகவே த்ராட்டில் முழுதாக (பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,600 சுற்று), கியர் ஒன்றில். முழு அகலம் வேண்டாம், பாதி அள்ளினால் போதும். எஞ்சின் முனகினால் முன்னேறுவதை நிறுத்துங்கள். விசிறி விழுங்கி முடிக்கட்டும். உலர்ந்த பனிக்கு மூன்றாம், நான்காம் கியர் தாராளம்.

நகராட்சி வண்டி வாசலில் ஒதுக்கும் பனி மேடுதான் உண்மையான சோதனை. இறுகுமுன் எடுத்துவிடுங்கள்.

எஞ்சின் சத்தம் குறையாமலே வீச்சு மட்டும் குறைந்தால் பெல்ட் வழுக்குகிறது. பனி ஒட்டாமலிருக்க, குழாய் உட்புறம் காய்ந்திருக்கும்போது சிலிகோன் ஸ்ப்ரே அடியுங்கள்.

அடைத்தால் குழாய்க்குள் கையை விடவே கூடாது. எஞ்சினை அணைத்து, எல்லாம் நின்றபின் கோலால் மட்டும் குத்துங்கள். அணைத்த பிறகும் தேங்கிய விசையில் விசிறி சட்டென்று சுழலக்கூடும்.