தக்காளி ஜாடியில் எலுமிச்சைச் சாறு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுத் தக்காளியை மசித்துக் கொதிக்கவைத்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து ஒரு மாதமாகிறது. பழம் நல்ல புளிப்பு என்பதால் எலுமிச்சைச் சாறு விடவில்லை. பரவாயில்லையா?

பதில்: அந்த ஜாடிகளைச் சுவைத்துப் பார்க்காமல் அப்படியே கழித்துவிடுங்கள். நாக்குக்குத் தெரியும் புளிப்பை நம்ப முடியாது. புளிப்பை அளக்கும் எண்ணான பிஎச் (எண் கூடக்கூடப் புளிப்பு குறையும்) 4.6-க்கு மேலே போனால் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா ஜாடிக்குள் வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். தக்காளி அந்த எல்லையை ஒட்டியே இருக்கும் பழம். சில ரகங்களும், அளவுக்கு மீறிக் கனிந்தவையும், பட்டுப்போன செடியில் பறித்தவையும் எல்லையைத் தாண்டிவிடும். இந்த பாக்டீரியாவின் வித்து, அதாவது அது உறங்கிக் கிடக்கும் கெட்டியான வடிவம், கொதிநீரில் சாகாது. காற்றுப் புகாத ஜாடிதான் அதற்குத் தோது. மணமும் நிறமும் கெடாமலேயே நஞ்சு இருக்கலாம்.

அடுத்த முறை அரை லிட்டர் ஜாடிக்கு 1 மேசைக்கரண்டி (15 மி.லி.), ஒரு லிட்டர் ஜாடிக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை முதலில் ஜாடியில் விட்டுவிடுங்கள். பாட்டிலில் விற்கும் சாறே நல்லது. பிழிந்த சாற்றின் அமிலம் பழத்துக்குப் பழம் மாறும். சிட்ரிக் ஆசிட் என்றால் முறையே கால் தேக்கரண்டி, அரை தேக்கரண்டி. புளிப்பு தூக்கலாக இருந்தால் சமைக்கும்போது சர்க்கரை போடுங்கள், சாற்றைக் குறைக்காதீர்கள். உப்பு ருசிக்கு மட்டும்தான். ருசிக்குப் போடும் அளவு உப்பு எதையும் காப்பாற்றாது.

சூடான ஜாடியில் கொதிக்கும் தக்காளியை நிரப்பி, மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விடுங்கள். மெல்லிய கரண்டிக் காம்பை உள்ளே ஓட்டிக் குமிழிகளை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து, விரல்நுனிப் பிடியில் மட்டும் மூடியைத் திருகுங்கள். முறுக்கி இறுக்கினால் உள்காற்று வெளியேற வழியின்றி மூடி நெளிந்துவிடும். பாத்திரத்தின் அடியில் தட்டு போட்டு, மூடிக்கு மேல் 2.5 செ.மீ. நீர் நிற்கும்படி ஜாடிகளை மூழ்கவைத்து, நீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு நேரம் பாருங்கள்: அரை லிட்டருக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 45. கடல்மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் 5 நிமிடமும், 900 மீட்டருக்கு மேல் 10 நிமிடமும், 1,800-க்கு மேல் 15 நிமிடமும் கூட்டுங்கள். ஆறிய பின் மூடியின் நடுவை அழுத்துங்கள். டக்கென்று உள்ளே போய் எழும்பினால் ஜாடி சரியாக மூடவில்லை. உடனே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஜாடியில் சதை மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நிற்கிறதே?

பதில்: கெட்டுப்போகவில்லை. பழத்தை வெட்டியதுமே அதிலுள்ள நொதி பெக்டினைக் கரைக்கத் தொடங்கும். கெட்டித்தன்மையைத் தருவதே பெக்டின்தான். நொதியைச் சூடு அடக்கும். எனவே மொத்தத்தையும் நறுக்கிக் குவித்து வைக்காதீர்கள். தோலுரித்த பழத்தில் ஆறில் ஒரு பங்கை நறுக்கிச் சட்டியில் போட்டு, மசித்தபடியே வேகமாகக் கொதிக்கவிடுங்கள். கொதி அடங்காதபடி மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சேர்த்துக் கிளறுங்கள், இவற்றை மசிக்க வேண்டாம். எல்லாம் சேர்ந்த பிறகு 5 நிமிடம் கொதித்தால் போதும்.

கேள்வி: காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல அமுங்கிவிடுகிறது. முட்டை ஓடு போட்டும் பலனில்லை.

பதில்: இது நுனி அழுகல். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதை ஏற்றிச் செல்லும் நீர்தான் சீராக இருக்காது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக விடுவதுதான் பெரிய காரணம். முட்டை ஓடு மக்கவே மாதக்கணக்காகும். மேல்மண் 2 செ.மீ. காய்ந்ததும் வேர் ஆழம் வரை நனையும்படி விடுங்கள், தூரைச் சுற்றி 5 செ.மீ. மூடாக்கு போடுங்கள், தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். கறுத்த காய் தேறாது. கிள்ளி எறிந்தால் அடுத்த கொத்து நன்றாக வரும். கறுப்பை வெட்டிவிட்டு அன்றே சமைக்கலாம், ஜாடிக்கு மட்டும் வேண்டாம்.

கேள்வி: அடைக்கும்போதே பூண்டும் எண்ணெயும் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. பூண்டு, வெங்காயம், மிளகாய் எல்லாம் அமிலம் குறைந்தவை. மேலே சொன்ன அளவும் நேரமும் தக்காளிக்கு மட்டுமே பொருந்தும். ஜாடியைத் திறந்து சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.