தைரொயிட் கூடினால் எல்லாம் ஒரே வருத்தம் அல்ல

கேள்வி: டொக்டர், எனக்கு 29 வயது. முதல் பிள்ளை பிறந்து மூன்று மாதம். சில கிழமைகளாக நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வயிறு நிறையச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறேன். இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச் (தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டும் ஓமோன்) மிகக் குறைவு, ரி4 (தைரொயிட் செய்யும் ஓமோன்) கூட. ஒரு வைத்தியர் காபிமசோல் எழுதித் தந்தார். இன்னொருவர் அதைத் தொடங்க வேண்டாம், ஆறு கிழமை பொறுத்து மறுபடி சோதிப்போம் என்கிறார். பேறுகாலப் பத்தியம் ஒழுங்காய்க் காக்காததால் வந்தது என்கிறா மாமி. யார் சொல்வதைக் கேட்பது? – வாசகி, நெல்லியடி

பதில்: மாமியின் கட்சியை முதலில் தள்ளி வைப்போம் பிள்ளை, பத்தியத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இரண்டு வைத்தியர்களும் சொன்னது இரண்டு வேறு வருத்தங்களுக்கான வைத்தியம். உங்களுக்கு அதில் எது என்று இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான் சிக்கல்.

தைரொயிட் சுரப்பி ஓமோனைச் செய்து உடனுக்குடன் அனுப்பிவிடுவதில்லை, ஒன்றிரண்டு மாதத்துக்குக் காணக்கூடிய அளவை உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். இரத்தத்தில் ஓமோன் கூடிவிட்டது என்றால் இரண்டு வழியில் கூடியிருக்கலாம். சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்யலாம், கிரேவ்ஸ் என்ற நோயில் நடப்பது அது. அல்லது சுரப்பியில் அழற்சி வந்து, சேர்த்து வைத்தது கசிந்து இரத்தத்தில் கலக்கலாம், நெல்லு மூட்டை கிழிந்து கொட்டுகிற மாதிரி. காபிமசோல் புதிதாக ஓமோன் செய்வதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே கொட்டிப்போனதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கிரேவ்ஸுக்கு அது நல்ல மருந்து, அழற்சிக்கு வீண் மருந்து.

பிள்ளை பிறந்த பிறகு வரும் தைரொயிட் அழற்சி அப்படி ஒன்றும் அரிதானதல்ல, 100 தாய்மாரில் ஏறக்குறைய 5 பேருக்கு வருகிறது. கர்ப்ப காலத்தில் நோயெதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அடங்கி இருக்கும், பேறு முடிந்ததும் அது திரும்பி எழும்பும்போது சிலருக்குத் தன் சுரப்பியையே தாக்குகிறது. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கும், தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரி (நோயெதிர்ப்புச் சக்தி செய்யும் புரதம், அன்ரிபொடி) இரத்தத்தில் உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்புக் கூட. பேறுக்குப் பிறகு 1 முதல் 6 மாதத்துக்குள் படபடப்பு வரும், சில கிழமைகளில் தானாக அடங்கும். பிறகு 4 முதல் 8 மாதம் வரையான காலத்தில் பலருக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி ஓமோன் குறையும். அப்போது சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். எல்லாருக்கும் இரண்டு கட்டமும் வரவேண்டும் என்றில்லை. நம்முடைய வீடுகளில் இந்த இரண்டாவது கட்டத்தைத்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. பிள்ளைப்பெத்த உடம்பு, நித்திரை இல்லை, பால் கொடுக்கிறாள், சோர்வுதான் என்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் வாய் கூடினவர்கள் சோம்பேறி என்றும் சொல்வார்கள். இதை மாமிக்கு வாசித்துக் காட்டினாலும் பரவாயில்லை.

சரி, எது என்று எப்படிப் பிரிப்பது? கண் முன்னுக்குத் தள்ளியிருக்கிறதா, கழுத்து தெளிவாகப் பெருத்திருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார், இருந்தால் கிரேவ்ஸ் பக்கம் சாயும். சுரப்பியில் ரி.எஸ்.எச் போய் ஒட்டும் இடமான ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரியை இரத்தத்தில் பார்க்கலாம், அது இருந்தால் அநேகமாக கிரேவ்ஸ்தான். சுரப்பியின் இரத்த ஓட்டத்தை ஸ்கானில் பார்ப்பதும் உதவும். கதிரியக்க அயடீன் கொடுத்துச் செய்யும் ஸ்கான் பால் கொடுக்கும் தாய்க்குச் செய்வதில்லை. யாராவது அதற்கு எழுதித் தந்தால் பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அழற்சிதான் என்றால் பொறுத்திருந்து, 4 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை இரத்தம் சோதிப்பதே வைத்தியம். படபடப்பு தாங்க முடியாவிட்டால் புரொப்பனலோல் தருவார்கள், பால் கொடுத்துக்கொண்டே அதைக் குடிக்கலாம், ஆனால் ஆஸ்துமா இருந்தால் கூடாது. ஆறு கிழமை பொறுக்கச் சொன்னவரிடம் திரும்பப் போய், கிரேவ்ஸ் இல்லை என்று எப்படித் தெரியும், அந்தப் பரிசோதனை செய்யவேண்டுமா என்று நேரே கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற வைத்தியர் உங்களுக்குத் தேவையில்லை. காபிமசோலை ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்றால், அதைக் குடிக்கும் காலத்தில் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தால் குளிசையை நிறுத்தி அன்றைக்கே வெண்குழிய எண்ணிக்கை பார்க்கவேண்டும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பி பழைய நிலைக்கு வந்துவிடும், சிலருக்கு ஓமோன் குறைவு நிலைத்துவிடும். வந்துபோனவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரி.எஸ்.எச் பார்ப்பது நல்லது. அடுத்த பிள்ளைக்கும் வரலாம், கிளினிக் கொப்பியில் இப்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: தடிமன் காய்ச்சல் மாறி இரண்டு கிழமையில் கழுத்தின் முன்பக்கம் தொட முடியாத நோ. விழுங்கினால் காது வரை இழுக்கிறது. முதலில் வலப்பக்கம் இருந்தது இப்போது இடப்பக்கம் போய்விட்டது. இரண்டு வகை அன்ரிபயோட்டிக் முடித்தும் சுகமில்லை. ஈ.எஸ்.ஆர் (உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இரத்தச் சோதனை) 80. – வாசகர் (43), சுன்னாகம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மருத்துவப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே இருக்கிறது: வைரஸ் தொற்றுக்குப் பின்னால் வரும் நோவுள்ள தைரொயிட் அழற்சி. நோ ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவது, காதுக்கும் தாடைக்கும் இழுப்பது, ஈ.எஸ்.ஆர் இப்படி ஏறி நிற்பது எல்லாம் இதன் அடையாளம். தொண்டைப் புண் என்றும் காது வருத்தம் என்றும் பல்லு நோ என்றும் அலைந்து கடைசியில்தான் பலர் இங்கே வந்து சேர்கிறார்கள். இதில் பக்டீரியா இல்லை, எனவே மூன்றாவது அன்ரிபயோட்டிக்கும் கேட்காது. ரி.எஸ்.எச், ரி4 இரண்டையும் பார்த்து உறுதிப்படுத்திய பிறகு இபுபுரோபன் வகை மருந்தில் பலருக்கு நோ அடங்கும் (குடற்புண், சிறுநீரக வருத்தம் இருந்தால் பார்மசியில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம்). அதில் அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்ரீரொயிட் குளிசை கொடுப்பார்கள், ஓரிரு நாளில் நோ விட்டுவிடும். நோ விட்டதே என்று அந்தக் குளிசையை உடனே நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும். இங்கேயும் கசிவுதான், அதனால் கொஞ்ச நாள் படபடப்பு, பிறகு கொஞ்ச நாள் சோர்வு, பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சுகம். யாராவது தைரொக்சின் (ஓமோன் குறைவை நிரப்பும் குளிசை) தொடங்கினால் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டு வையுங்கள், உங்கள் வகையில் பலருக்கு அது ஆயுள் முழுக்கத் தேவைப்படுவதில்லை.

கழுத்து சிவந்து வீங்கி, குளிருடன் கடும் காய்ச்சல் வந்தால் மட்டும் கதை வேறு. அது சீழ் கட்டுகிற அழற்சி, அரிது, ஆனால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது.

கேள்வி: எனக்கு ஹஷிமோட்டோ என்று சொல்லி 50 மைக்ரோகிராம் தைரொக்சின் தந்திருக்கிறார்கள். பிறபொருளெதிரி 600க்கு மேல். அயடீன் உப்பு, கோவா, மரவள்ளி மூன்றையும் நிறுத்தச் சொல்கிறா அக்கா. கந்தசஷ்டி விரதத்தில் குளிசை போடலாமா? – வாசகி (46), காரைநகர்

பதில்: இந்த வருத்தத்தை 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய சத்திரசிகிச்சை வைத்தியர் முதலில் விவரித்தார். நான்கு பெண்களின் சுரப்பிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து ஜெர்மன் மொழிச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். உடல் தன் சுரப்பியையே தாக்குகிறது என்பது 1956இல்தான் தெரியவந்தது. அழற்சி என்றாலும் நோ இருக்காது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் சுரப்பியைத் தின்னும். அந்த 600 உங்களைப் பயமுறுத்தத் தேவையில்லை, அது என்ன வருத்தம் என்று சொல்லிவிட்டது, அதன் வேலை முடிந்தது. அது 400 ஆகியதா 900 ஆகியதா என்று திரும்பத் திரும்பச் சோதித்துக் காசை வீணாக்காதீர்கள். பார்க்கவேண்டியது ரி.எஸ்.எச். குளிசையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமை கழித்துப் பார்க்கவேண்டும், அதற்கு முன்னால் பார்ப்பதில் பலனில்லை.

உப்பை நிறுத்த வேண்டாம். இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது 1995இல் கட்டாயமாக்கப்பட்டது, கழலையை (தைரொயிட் வீக்கத்தை) குறைக்கத்தான். அயடீன் அளவுக்கு மிஞ்சினால் ஹஷிமோட்டோவுக்கு நல்லதல்ல என்பது உண்மை, ஆனால் மிஞ்சுவது கறிக்குப் போடுகிற உப்பால் அல்ல, கடற்பாசிக் குளிசை மாதிரியான ‘இயற்கை’ மருந்துகளால். கோவா சமைத்துச் சாப்பிடுங்கள். மரவள்ளியை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டு எப்போதாவது சாப்பிடுவதில் ஒன்றும் இல்லை, அக்காவுக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.

குளிசையைக் கெடுப்பது மரவள்ளி அல்ல, விடியற்காலைப் பால் தேத்தண்ணி. எழும்பினவுடன் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு குளிசை, அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணியும் சாப்பாடும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும். விரதத்துக்கு மிளகும் தண்ணீரும் எடுப்பவர்கள் அந்தத் தண்ணீரோடு குளிசையையும் போடலாம், முருகன் கோபிக்கமாட்டார். தைரொக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஒரு கிழமை எடுக்கும், ஒரு நாள் தவறினால் பதற வேண்டாம். ஆனால் ஆறு நாளும் விடுவது சரியில்லை.

கேள்வி: அப்பா இதயத்துடிப்புக்கு அமியோடரோன் குடிக்கிறார். அதுவும் தைரொயிட்டைக் கெடுக்குமாமே? – வட்டுக்கோட்டை

பதில்: கெடுக்கலாம். அதில் அயடீன் நிறைய இருக்கிறது, ஓமோனைக் கூட்டவும் செய்யும் குறைக்கவும் செய்யும், அழற்சியும் கொண்டுவரும். 6 மாதத்துக்கு ஒருமுறை ரி.எஸ்.எச் பாருங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தினால் இதயம் தாங்காது, நிறுத்துவதா என்பதை இதய வைத்தியர் முடிவெடுக்கட்டும்.

கேள்வி: எனக்கு ஒரு குணங்குறியும் இல்லை. முழு உடற்பரிசோதனையில் ரி.எஸ்.எச் குறைவு, ரி4 கூட என்று வந்திருக்கிறது. வேறு மருந்து எதுவும் இல்லை, தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பிய தலைமுடிக் குளிசை மட்டும். – கோண்டாவில்

பதில்: அந்தப் போத்தலை எடுத்துப் பயோட்டின் (ஒரு விற்றமின்) என்று இருக்கிறதா பாருங்கள். கூடிய அளவு பயோட்டின் சில ஆய்வுகூட முறைகளைக் குழப்பி, சுகமாக இருக்கிறவருக்கும் தைரொயிட் கூடினமாதிரி றிப்போர்ட் வரச் செய்யும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுங்கள், கொடுக்கும்போது இந்தக் குளிசையைப் பற்றி ஆய்வுகூடத்திலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே வந்தால் றிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.