காற்றாலை வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

உடுமலையிலிருந்து எழுதிய அண்ணாவுக்கு வணக்கம். தம்பி டிப்ளமோ ட்ரிபிள் ஈ கடைசி வருஷம். பத்தாவது வரை தமிழ் மீடியம். காற்றாலை கம்பெனி இன்டர்வியூவில் இங்கிலீஷில் கேட்டால் வாயே திறக்க மாட்டான் என்கிறீர்கள். பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்கட்டுமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாமுங்க. அங்கே பெரும்பாலும் தன்னைப் பற்றி நாலு வரி பேசத்தான் பழக்குவார்கள். தம்பிக்குத் தேவை அவன் தொழிலின் ஆங்கிலம். அந்தச் சொற்களில் பாதி அவனுக்கு ஏற்கெனவே தெரியும். வாக்கியமாகச் சொல்லித்தான் பழக்கமில்லை.

பசங்க அதிகம் தடுமாறுவது கிலோவாட்டிலும் கிலோவாட் அவரிலும்தான். முதலாவது பவர், இரண்டாவது எனர்ஜி. மின்கட்டண பில்லில் வரும் யூனிட், கிலோவாட் அவர். தோட்டத்து மோட்டார் 5 ஹெச்.பி. என்றால் சுமார் 3.7 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால், மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டால், ஆங்கிலம் எவ்வளவு சரளமாக இருந்தும் பயனில்லை.

ரினியூவபிள், நான்-ரினியூவபிள் என்பதைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேட்டூரை நினைத்துக்கொண்டாலே போதும். அணையில் தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிறது, அது ஹைட்ரோ, ரினியூவபிள். பக்கத்திலேயே அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த நீராவி சுற்றுகிறது, அது தெர்மல், நான்-ரினியூவபிள். இரண்டிலும் டர்பைன், ஜெனரேட்டர்; சோர்ஸ் மட்டும் வேறு.

கன்சர்வேஷனுக்கும் எஃபிஷியன்சிக்கும் என்ன வித்தியாசம் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துவது கன்சர்வேஷன். 75 வாட் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, அதே காற்றை 30 வாட் சுமாருக்குத் தரும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டுவது எஃபிஷியன்சி. தம்பி இந்த ஃபேன் கதையையே சொல்லட்டும், இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.

இனி காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வரும் மே முதல் செப்டம்பர் வரைதான் உங்கள் பக்கம் சீசன் என்பது உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் மெஷின் நின்றால் நஷ்டம் பெரிது. அதனால் எழுதும் ரிப்போர்ட்டில் குழப்பம் இருக்கக்கூடாது. ‘தி யா சிஸ்டம் டர்ன்ஸ் தி நேசல் இன்டு தி விண்ட்’, ‘தி பிட்ச் சிஸ்டம் டர்ன்ஸ் தி பிளேட்ஸ்’, ‘தி டர்பைன் ஸ்டாப்ட் டியூ டு ஹை விண்ட்’. நேசல் என்பது டவர் உச்சியில் ஜெனரேட்டர் இருக்கும் கூடு; அதைக் காற்றின் பக்கம் திருப்புவது யா, பிளேடுகளின் கோணத்தை மாற்றுவது பிட்ச். இப்படி ஒரு உறுப்பு, அதன் வேலை, அது நின்ற காரணம் என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக தினம் எழுதி, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். கட்-இன், கட்-அவுட் ஸ்பீடு பற்றியும் கேட்பார்கள்: நொடிக்கு 3, 4 மீட்டர் காற்றில் உற்பத்தி தொடங்கும், 25 மீட்டர் வாக்கில் பெரும்பாலான மெஷின்கள் தானாக நிறுத்திக்கொள்ளும்.

காற்றாலை கிடைக்காவிட்டாலும் இந்தச் சொற்கள் வீண்போகாது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, அதிக மின்சாரமும் எரிபொருளும் செலவழிக்கும் ஆலைகள் எனர்ஜி மேனேஜர் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும்; ஜவுளித் துறையும் இதில் அடக்கம். அதற்கான தேசியத் தேர்வை பீரோ ஆஃப் எனர்ஜி எஃபிஷியன்சி நடத்துகிறது. டிப்ளமோக்காரர்கள் சில ஆண்டு அனுபவத்துக்கு அப்புறம்தான் எழுத முடியும். ஆனால் ஸ்பின்னிங் மில்லில் கம்ப்ரெசர் லீக்கேஜ், சாயப்பட்டறையில் பாய்லர், கண்டென்சேட் ரெக்கவரி (நீராவி குளிர்ந்த தண்ணீரை மறுபடி பாய்லருக்கே அனுப்புவது) என்று அன்றாடம் புழங்கும் சொற்களில்தான் அந்தப் பாடமும் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. தம்பிக்கு உயரம் என்றால் பயமா? இன்றைய டவர்கள் 80, 100 மீட்டர், அதற்கு மேலும் உண்டு; ஏணியில் ஏறும் வேலையும் வரும். தலை சுற்றுகிற பையன் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சோலார் அல்லது மில் மெயின்டனன்ஸ் பக்கம் பார்க்கலாம்.