கையில் சென்சார் ஒட்டியவர்கள் கேட்டவை

இனிப்புநீருக்காக, சர்க்கரை அளவைத் தொடர்ந்து பார்த்துச் செயலிக்கு அனுப்பும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கும் சிங்கப்பூர்க்காரர்களின் கேள்விகளுக்கு நீரிழிவுத் தாதி ஒருவர் பதில் தருகிறார். கேட்டவரின் வட்டாரம் கேள்விக்கு முன்னால் இருக்கிறது. சர்க்கரை எண்கள் எல்லாம் இங்குள்ள வழக்கப்படி மில்லிமோல் கணக்கில். ஊரிலிருந்து வந்த ரிப்போர்ட் மில்லிகிராமில் இருந்தால் 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ்: அக்கா, விரலில் குத்தினால் 9.8, சென்சாரில் 8.3. எதை நம்புவது?

இரண்டுமே சரிதான். விரலில் குத்துவது ரத்தத்தைப் பார்க்கிறது. சென்சாரின் மெல்லிய இழை தோலுக்கடியில் இருக்கும் திசுநீரைப் பார்க்கிறது. ரத்தத்துச் சர்க்கரை அந்த நீருக்கு வந்துசேர 5 முதல் 15 நிமிடம் ஆகும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் சென்சார் ஒரு எட்டு பின்னால்தான் வரும். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் செயலியில் அம்புக்குறி படுக்கையாக இருக்கும் நேரத்தில், அதாவது சர்க்கரை ஏறாமல் இறங்காமல் இருக்கும்போது பாருங்கள். 20 சதவீத வித்தியாசம்வரை ஏற்கலாம். உங்கள் 9.8க்கு 7.8 முதல் 11.8வரை எது வந்தாலும் சரி.

குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணை ஏற்றிவிடும். புது சென்சார் முதல் நாள் கொஞ்சம் தடுமாறும். அன்றைய எண்ணை மட்டும் வைத்து இன்சுலின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம்.

தோ பாயோ: அம்மாவுக்கு 74 வயது, இன்சுலின் போடுகிறார். விடியற்காலை 3 மணிக்கு 3.2 என்று அலாரம் அடிக்கிறது. எழுப்பி மைலோ கொடுத்தால் காலையில் 15க்குப் போய்விடுகிறது.

முதலில், அம்மா எந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று பாருங்கள். சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தால் அந்த இடத்தில் திசுநீர் ஓட்டம் குறைந்து பொய்யாக லோ (சர்க்கரை மிகக் குறைவு) காட்டும். வரைபடத்தில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் மேலே வந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். உண்மையான லோ பெரும்பாலும் சரிவாக இறங்கும். ஆகவே புரண்டு படுக்கச் சொல்லிவிட்டு உடனே விரலில் குத்திப் பாருங்கள்.

வியர்த்துக் கொட்டுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் குத்திப் பார்க்கக் காத்திருக்காதீர்கள், சர்க்கரையை முதலில் கொடுங்கள். 15 கிராம் போதும்: 3 தேக்கரண்டிச் சீனி, அரை கிளாஸ் தண்ணீரில். மைலோவில் உள்ள பால் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். குளிர்பானம் கொடுப்பதானால் பானத்தின் சர்க்கரைக்குத் தரம் போடும் நியூட்ரி-கிரேடு லேபிளைப் பாருங்கள். ‘பி’ என்றால் 100 மில்லியில் அதிகபட்சம் 5 கிராம் சர்க்கரைதான். சர்க்கரை கூடுதலாக இருந்த காலத்துக் கணக்கில் அரை டின் கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். நல்ல நாளில் பாராட்ட வேண்டிய லேபிள், லோ ஆன நேரத்தில் நம்மை ஏமாற்றிவிடும்.

15 நிமிடம் கழித்து மறுபடி விரலில்தான் பாருங்கள். சென்சார் இன்னும் 3.4 என்று காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் கொடுப்பதால்தான் காலையில் 15 வருகிறது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 995ஐ அழையுங்கள்.

விரலிலும் லோ என்று இரண்டு இரவு தெரிந்தால் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை பொறுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் 3.9க்குக் கீழே 1 சதவீத நேரத்துக்கும் குறைவாகவே இருக்க வேண்டும், அதாவது நாளுக்குக் கால் மணி நேரம்கூடக் கூடாது. 3.9 முதல் 10வரை பாதி நேரத்துக்கு மேல் இருந்தாலே நல்லது. இளையவர்களுக்குச் சொல்லும் 70 சதவீதத்தை அம்மாவிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சிராங்கூன்: இரண்டு புரோட்டா, ஒரு தே தாரிக். 2 மணி நேரத்தில் 8.9 என்று நிம்மதியாக இருந்தேன். 4 மணி நேரத்தில் 13!

எண்ணெயும் நெய்யும் இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும். தே தாரிக்கின் சர்க்கரை அரை மணியில் ஏறும், புரோட்டாவின் மாவு மெல்ல வந்து பின்னால் ஏறும். விரலில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டாவது ஏற்றம் கண்ணில் படவே படாது. சென்சாரின் பெரிய பலன் இதுதான்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே இரண்டு புரோட்டா, ஆனால் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்). இன்னொரு நாள் ஒரு புரோட்டா, முட்டையும் பருப்பும். இன்னொரு நாள் சாப்பிட்டதும் புளோக்கைச் சுற்றி 15 நிமிட நடை. ஒவ்வொன்றையும் செயலியில் குறித்துவையுங்கள், எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று கோடே சொல்லும்.

சாப்பாட்டு இன்சுலின் போடுபவராக இருந்தால், 13ஐப் பார்த்த பதற்றத்தில் உடனே இன்னொரு ஊசி போடாதீர்கள். முதல் ஊசி சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்தால் லோவில் கொண்டுபோய் விடும்.

யீஷூன்: 14 நாள் சென்சார் 5 நாளில் கழன்றுவிடுகிறது.

நம் ஊர் வெக்கையில் இது சகஜம். மேற்கையின் பின்புறத்தைச் சாதா சோப்பால் கழுவி, ஆல்கஹால் துணியால் துடைத்து, விசிறிக்கு முன்னால் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பசை பிடிக்காது. அன்று அந்தக் கையில் எண்ணெயோ லோஷனோ வேண்டாம். ஒட்டியதும் ஓரத்தை விரலால் சுற்றி அழுத்துங்கள். மேலே பட்டை ஒட்டினால் சென்சாரின் நடுத் துளையை மூடாதீர்கள். அடுத்ததை மறு கையில் ஒட்டுங்கள்.

அங் மோ கியோ: செயலியின் மதிப்பீடு 7.0 சதவீதம் என்கிறது, ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 7.9 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்?

செயலி சொல்வது சென்சார் எண்களின் சராசரியிலிருந்து கணக்கிட்டது (சராசரி 8.5 மில்லிமோல் என்றால் 7.0 சதவீதம் வரும்). ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பணுவில் சர்க்கரை ஒட்டிய அளவு. இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டலாம். தலசீமியா, டயாலிசிஸ் இருந்தாலும் மாறும். 14 நாளில் 70 சதவீதத் தரவாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிடோக்: வைட்டமின் சி மாத்திரை 1,000 மில்லிகிராம் சாப்பிடலாமா?

லிப்ரே 2 என்ற வகைச் சென்சார் போட்டிருக்கும்போது வேண்டாம். நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், நிஜமான லோவை மறைத்துவிடும்.

ஜூரோங்: மெட்ஃபார்மின் மட்டும்தான் சாப்பிடுகிறேன். எப்போதும் போட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம் ஐயா. அந்த மாத்திரை மட்டும் என்றால் லோ ஆவது அரிது. மருந்து மாறும்போதோ விரதம் தொடங்கும்போதோ ஒரு சென்சார் போட்டுப் பார்த்தாலே போதும்.