தே தாரிக் வருவதற்கு முன் பம்புக்குச் சொன்னீர்களா?

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கும் தாதி நான். கோலாலம்பூரில் வேலை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சென்சார் காட்டும் எண்ணைப் பார்த்துத் தானாகவே இன்சுலினைச் செலுத்தும் தானியங்கி இன்சுலின் பம்பைப் பற்றியவை. சுகர், கீட்டோன் எண்கள் எல்லாம் mmol/L அளவில்.

மிஸி, என் மகனுக்கு 11 வயது, டைப் 1. சென்சாரும் பம்பும் பொருத்திய பிறகு இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டால் சுகர் 15-க்கு மேல் ஏறிவிடுகிறது. மெஷினில் கோளாறா? (ஒரு தாய், செந்தூல்)

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, நேரம்தான் இடிக்கிறது. சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள நீரில் இருக்கும் சர்க்கரையை. அது ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பம்பு 5 நிமிடத்துக்கு ஒருமுறை இன்சுலினைக் கூட்டுகிறது, குறைக்கிறது, தேவைப்பட்டால் நிறுத்துகிறது. ஆனால் உள்ளே போன இன்சுலின் வேலையைத் தொடங்கவே 10 முதல் 20 நிமிடம் ஆகும். முழு வேகம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மைதா ரொட்டியும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் அதுவரை காத்திருக்காது. இரவில் சாப்பாடு இல்லாததால்தான் மெஷின் அப்போது அழகாகச் சமாளிக்கிறது.

அதனால் எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகப்போகிறது என்பதைச் சாப்பிட 15 நிமிடத்துக்கு முன்பே பம்புக்குச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இது சுலபம். மாமாக் கடையில் கூட்டம் இருந்து சாப்பாடு வரத் தாமதமானால் பிள்ளைக்குச் சுகர் இறங்கிவிடும் என்ற பயம் நியாயமானது. நான் சொல்லித்தரும் வழி இது: ரொட்டி போடுகிறவர் உங்கள் மாவு உருண்டையை எடுத்து வீசத் தொடங்கியதும் பட்டனை அழுத்துங்கள். விரித்து, மடித்து, கல்லில் போட்டு, திருப்பி, இரண்டு கையாலும் தட்டி, தட்டில் வைத்து, பருப்புக்குழம்பு ஊற்றி வருவதற்குள் இன்சுலின் கிளம்பியிருக்கும். 15 நிமிடம் முழுதாகக் கிடைக்காது, ஆனாலும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அழுத்துவதைவிட எவ்வளவோ மேல். தே தாரிக்கையும் கணக்கில் சேருங்கள். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் என்றால் சேர்க்க வேண்டியதில்லை.

மறந்து சாப்பிட்டு முடித்துவிட்டானா? முழு அளவையும் அப்போது போடாதீர்கள். சுகர் ஏறுவதைப் பார்த்து பம்பு ஏற்கெனவே கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே இழுத்துவிடும். தாமதமானால் எவ்வளவு குறைத்துப் போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு முழுவதும் இன்சுலின் போய்க்கொண்டிருப்பதாகவே பம்பு காட்டியது. காலையில் சுகர் 19, வாந்தி வேறு. எப்படி? (கல்லூரி மாணவி, பினாங்கு)

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனம் பதறியது. பம்பு அனுப்பிய இன்சுலின் உடம்புக்குள் போகவில்லை. வயிற்றில் குத்தியிருக்கும் மெல்லிய குழாய் மடிந்திருக்கலாம், அல்லது ஒட்டு கழன்று இன்சுலின் வெளியே கசிந்திருக்கலாம். பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும்தான். நாள் முழுக்க நிற்கும் இன்சுலின் உங்கள் உடம்பில் இல்லை. ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறத் தொடங்கிவிடும்.

சுகர் 14-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். அப்புறம் ரத்தக் கீட்டோன். 0.6-க்கு மேல் இருந்தால் பம்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம்: ஏறிய சுகரை இறக்கும் திருத்த அளவை இன்சுலின் பேனாவால் (ஊசியால்) போடுங்கள், குழாய் செட்டைப் புதிதாக மாற்றுங்கள். பேனாவால் போட்டது பம்புக்குத் தெரியாது என்பதால், தானியங்கி முறையைச் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, கீட்டோன் 3 இவற்றில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவு. பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கட்டும், அதன் காலாவதித் தேதியையும் அவ்வப்போது பாருங்கள்.

தைப்பூசத்துக்கு மாரியம்மன் கோயிலில் இருந்து பத்துமலைக்கு ரதத்தோடு நடக்கலாமா? (35 வயது, டைப் 1)

தாராளமாக. ஏறக்குறைய 15 கிலோமீட்டர், அப்புறம் 272 படி. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்பே பம்பில் உடற்பயிற்சி இலக்கைப் போட்டுவிடுங்கள். சில பம்புகள் அப்போது சுகரை 8.3 அளவில் வைத்துக்கொள்ளும். நடுவழியில் 4-க்குக் கீழே வந்தால் வழக்கமான 15 கிராம் குளுக்கோஸ் வேண்டாம், 5 முதல் 10 கிராமே பெரும்பாலும் போதும். பம்பு முன்பே இன்சுலினைக் குறைத்திருக்கும். தண்ணீர்ப் பந்தலில் அன்போடு நீட்டும் சிரப் தண்ணீரைக் கையில் வாங்கும்போதே இந்த அளவையும் நினைவில் வையுங்கள். வியர்வையில் ஒட்டு பிடி விடும், மேலே இன்னொரு பிளாஸ்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு 62 வயது, டைப் 2. மாத்திரையும் இரவில் ஒரு இன்சுலினும். பம்பு வாங்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ்)

இப்போதைக்கு வேண்டாம் ஐயா. இந்த வகைக் கருவிக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 2016-ல் அனுமதி கிடைத்தது டைப் 1 உள்ளவர்களுக்குத்தான். டைப் 2 பெரியவர்களுக்கு ஆம்னிபாட் 5 என்ற பம்பு அங்கே அனுமதி பெற்றதே 2024 ஆகஸ்ட்டில். ஒரு நாளுக்குப் பல முறை ஊசி போடுகிறவர்களுக்கு இதன் பலன் நன்றாகத் தெரியும். வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மெஷின் விலையைக் கேட்பதற்கு முன் சென்சார், குழாய் செட், மருந்துக் குப்பி எல்லாம் சேர்த்து மாதம் எத்தனை வெள்ளி ஆகும் என்று கேளுங்கள். குடும்பங்கள் திணறுவது அங்கேதான்.

பனடோல் (பாரசிட்டமால்) சாப்பிடலாமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

சில சென்சார்களில் பனடோல் சுகரைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி பம்பு தேவையில்லாமல் இன்சுலின் தள்ளும். உங்கள் சென்சாரின் கையேட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் பம்பைக் கொண்டுபோகக் கூடாது. சென்சாரையும் கழற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பம்பைக் கழற்றிய நேரத்தை உடன் வந்தவரிடம் சொல்லி வையுங்கள், ஒரு மணி நேரம் தாண்டினால் திரும்ப மாட்டும்படி அவர் நினைவுபடுத்தட்டும்.