கேன்சருக்கு வைட்டமின் மாத்திரையா?

கேள்வி: கோபி பக்கம் விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு 46 வயது. ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது, தொடையில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. கோவையில் சேர்த்தோம். ரத்தப் புற்றுநோய், 'பிஎம்எல்-ராரா பாசிட்டிவ்' என்கிறார்கள். வைட்டமின் ஏ வகை மாத்திரையும் ஆர்செனிக் ஊசியும்தான் சிகிச்சையாம். பாஷாணத்தையா உடம்பில் ஏற்றுவார்கள்? ஜீன் கோளாறு என்றால் எனக்கும் தங்கைக்கும் வருமா?

பதில்: வழிவழியாக வருகிற கோளாறு இல்லைங்க தம்பி, அந்தப் பயம் வேண்டாம். அப்பாவின் எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 15, 17-ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அந்த ஒட்டில், பிஎம்எல், ராரா என்ற இரண்டு புரதங்களின் துண்டுகள் சேர்ந்து உருவான புரதம்தான் பிஎம்எல்-ராரா.

எந்த ஜீன் எப்போது வேலை செய்யணும் என்று முடிவு செய்யும் புரதங்களில் ராராவும் ஒன்று. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் அதில் ஒட்டினால், வெள்ளையணுவை முதிரவைக்கும் ஜீன்கள் கிளம்பும். ஒட்டுப்போட்ட ராராவோ உடம்பில் சாதாரணமாக இருக்கும் அமிலத்துக்கு அசையாது. பால் பிடித்ததோடு நின்றுபோன நெற்கதிர் மாதிரி, அணுக்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்று மஜ்ஜையை அடைத்துவிடும். ரத்தம் உறைவதையும் அவைதான் கெடுக்கின்றன.

ரன்எக்ஸ்1, இக்காரோஸ் என்று இதே வகைப் புரதங்கள் கெட்டு வரும் ரத்தப் புற்றுநோய்கள் இன்னும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு இப்படிக் குறிபார்த்து அடிக்கும் மருந்து இல்லை. அந்த வகையில் அப்பாவுக்கு வந்தது பரவாயில்லை என்பேன்.

அந்த வைட்டமின் ஏ வகை மாத்திரை, ரெட்டினாயிக் அமிலத்தைப் பெரிய அளவில் தந்து அணுக்களை முதிரவைக்கிறது. 1980-களில் ஷாங்காய் மருத்துவர்கள் காட்டிய வழி அது. ஆர்செனிக் பிஎம்எல் பகுதியைப் பிடித்து அந்தப் புரதத்தையே அழிக்கிறது. பாஷாணம்தான், ஆனால் அளந்து, ஈசிஜி பார்த்துத் தருவார்கள். வேலூர் சிஎம்சியில் ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்துப் பலரைக் குணப்படுத்தியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் வெள்ளையணு 10,000-க்குள் இருந்தால், இரண்டும் சேரும்போது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள். அதற்கு மேல் இருந்தால் கீமோவும் சேரும்.

முதல் சில வாரங்கள்தான் கண்டம். காய்ச்சல், மூச்சுத்திணறல், கால் வீக்கம், திடீரென எடை கூடுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தட்டணு ஏறும் என்று யாராவது பப்பாளி இலைச்சாறு கொண்டுவந்தால் வாங்காதீர்கள். கடையில் வைட்டமின் ஏ வாங்கித் தருவதும் கூடாது.

அப்புறம், ஆள் தெம்பானதும் மஞ்சள் வெட்டு இருக்கிறது என்று பாதியில் கூட்டிவந்துவிடாதீர்கள். ஊசி பல மாதம் தொடரும். பிசிஆர் பரிசோதனையில் அந்த ஒட்டு ஜீனின் தடயமே இல்லை என்று வந்த பிறகும், டாக்டர் போதும் என்று சொல்லும்வரை போடணும்.