ஆட்டோ ஷோவில் காட்டும் கான்செப்ட் கார்கள் (மாதிரி வண்டிகள்) அப்படியே விற்பனைக்கு வருமா?

பெரும்பாலும் வராது. கண்காட்சியில் வாயைப் பிளக்க வைக்கும் வண்டி, பாதுகாப்பு விதிகளும் செலவுக் கணக்கும் கத்தரித்த பிறகு, ஷோரூமுக்குச் சாதுவாகத்தான் வந்து நிற்கும். அமெரிக்காவின் டாட்ஜ் வைப்பர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு விதிவிலக்கு.

1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் இதைக் காட்டியது. மக்கள் காட்டிய ஆர்வத்தைப் பார்த்து, பெரிதாக மாற்றாமல் 1992-ல் விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். டிரக்குக்காக உருவான வி10 (பத்து சிலிண்டர்) இன்ஜினை, அப்போது கிரைஸ்லர் வசமிருந்த லம்போர்கினியின் உதவியோடு அலுமினியத்தில் வார்த்தார்கள். 8 லிட்டர், 400 குதிரைத்திறன். ஆனால் ஏசி கிடையாது, கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடியும் கிடையாது! உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். சைலன்சர் கதவுக்குக் கீழேயே ஓடுவதால், கவனமில்லாமல் இறங்கினால் கெண்டைக்காலில் சூடு நிச்சயம். கான்செப்ட்டின் முரட்டுத்தனம் அப்படியே வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிரக்கிலும் இந்தக் கூத்து நடந்தது. 2002-ல் கான்செப்டாக வந்த டாட்ஜின் பிக்கப் டிரக் ராம் எஸ்ஆர்டி-10, 2004 மாடலாக விற்பனைக்கு வந்தது. வைப்பரின் 8.3 லிட்டர், 500 குதிரைத்திறன் இன்ஜின், ஆறு கியர் மேனுவல். 2004 பிப்ரவரியில் மணிக்கு சுமார் 248 கிமீ வேகத்தில் ஓடி, பிக்கப் டிரக்குகளில் கின்னஸ் சாதனையும் படைத்தது. மூட்டை ஏற்றும் வண்டிக்கு எதற்கு இந்த வேகம் என்று கேட்காதீர்கள். வாங்கியவர்கள் யாரும் கேட்கவில்லை.